இரு கண்களும் தெளிவாக

“மரம் வெட்டக் கோரும் மனு எதுவாயினும், அம்மரத்தில் பறவையோ விலங்கோ கூடு கொண்டிருப்பதாக ஆட்சேபம் வரின், குஞ்சுகள் வெளியேறும்வரை வெட்டும் உத்தரவு நிறுத்திவைக்கப்படும். ஆட்சேபத்துடன், அவ்வுயிரின் இரு கண்களும் தெளிவாகத் தெரியும்படியான புகைப்படம் இணைக்கப்படவேண்டும். ஆட்சேபத்துக்கு முப்பது நாட்களுக்குள் பதில் தரப்படும்.”

ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. புத்தகம் பார்க்காமல் இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எழுதியவனே நான்தான்.

அந்த உட்பிரிவு ஒருநாள் என் மேலேயே பாயும் என்று நான் வேலையில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால், அதை எழுத்துமூலம் தரச் சொல்லியிருப்பேன்.

மலையாள தேசத்துத் தலைநகரில், கரமனையில் எங்கள் தெரு. மாசி மாதம், பிற்பகல் மூன்று மணி. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபதடி தூரத்தில் ஓர் அயனி மரம். மலையாளத்தில் ஆஞ்ஞிலி. அதில் மேற்குப் பார்த்த ஒரு பொந்து. பொந்தின் விளிம்பில், உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு முகம். வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போட்ட பழுப்பு முகம். கண்கள் மூடியிருந்தன. ஒன்பது நாட்களாக மூடியே இருந்தன.

ஆந்தை பகலில் தூங்கும் என்பதை விதி எழுதும்போது நான் யோசிக்கவில்லை.

மரத்தில் ஒட்டிய நோட்டீஸின்படி ஆட்சேபத்துக்குப் பதினைந்து நாள் தவணை. மிச்சம் ஆறு. கேமரா மடியில் கிடந்தது. இரண்டு கைகளும் சும்மா இருந்தன. ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், கண் திறக்கும். கைகளைத் தூக்கினேன்.

அந்தக் கைகள் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும். அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். போன அத்தியாயத்தில், “ஓய்வுக்குப் பிறகு காட்டுயிர்களை ஓரளவு நன்றாகப் படமெடுக்கப் பழகினேன்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இப்படித்தான்.

மனு எழுதியவன்

மரத்தை வெட்டச் சொல்லி மனு போட்டவர் அந்த மொட்டைமாடிக்குச் சொந்தக்காரி, பகவதியம்மாள். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். சாலை என்னும் கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. கணவர் ஆறுமுகம் அண்ணாச்சிக்கு ஓணம் முடிந்த கையோடு நெஞ்சில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். நடக்கவேண்டும், படி ஏறவேண்டும் என்று டாக்டர் சொல்லியும், குளியலறை தாண்டி ஓரடி வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மரத்துக்குப் பறவை வந்தது. இந்த ஊரில் அதற்குப் பெயர் காலன் கோழி. கோழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காலனோடு சம்பந்தம் உண்டு என்பதுதான் ஊர் நம்பிக்கை. விளக்கு வைக்கும் நேரத்தில் நடுங்கும் குரலில் ஒரு கூவல் வரும். எனக்கு அது பழைய கேட்டைத் திறப்பதுபோலக் கேட்கும். பகவதியம்மாளுக்கு வேறு மாதிரி கேட்டது.

“போவாம், போவாம்னு கூப்பிடுது சார். உள்ள ஒரு மனுசன் நெஞ்சைக் கீறிப் படுத்திருக்காரு. வெளிய நின்னு போவாம் வா, போவாம் வான்னா நான் எப்படி உறங்குவேன்?”

காலன் கூப்பிடுகிறான் என்று மனுவில் எழுத முடியாது. “கிளை கூரைமேல் சாய்ந்து உயிருக்கு ஆபத்தாக உள்ளது” என்று எழுதலாம். அப்படியே எழுதினேன். ஆமாம், அந்த மனுவை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். தெருவில் யாருக்கு எந்த மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நன்றாக எழுதுவேன். அதுதான் பிரச்சினை.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள், மரத்தை ஒரு நினைவுக்காகப் படமெடுக்கலாம் என்று அவர்கள் மாடிக்கு ஏறினேன். அப்போதுதான் லென்ஸ் வழியாகப் பொந்தைப் பார்த்தேன். ஆந்தையின் மார்புக்கு அடியிலிருந்து பஞ்சுபோல் ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று.

மரம் விழுந்தால் அவை என்ன ஆகும் என்பதற்குத் தனியாக விதி தேவையில்லை.

பகவதியம்மாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. “பறவைப் படம் எடுத்துப் பழகுகிறேன்” என்றேன். தினமும் மூன்று மணிக்கு அவர்கள் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு, அவர்கள் மாடியில் உட்கார்ந்து, அவர்கள் மனுவுக்கே ஆட்சேபம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

காக்காயின் கண்

அதுவரை நான் எடுத்த படங்களில் எல்லாப் பறவையும் ஒரே பறவைதான்: பழுப்பாக ஒரு கலங்கல். கிழக்கேகோட்டையில் வில்சனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பது வருடமாகப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோ அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்குப் போய்ப் பறவை எடுப்பார்.

வில்சன் என் படங்களைக் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். இந்த ஊர் வாயில் சார் என்பது சாறு ஆகிவிடும்.

“சாறே, இதெல்லாம் இலையோட போட்டோ. நல்ல இலை.”

“பின்னால் ஆந்தை இருக்கு வில்சன்.”

“இருக்கலாம். கேமராவுக்கு ஆந்தையா இலையான்னு தெரியாதல்லே? முன்னால எது இருக்கோ அதைப் பிடிக்கும். ஃபோகஸ் புள்ளி ஒண்ணே ஒண்ணு வையுங்க. அதைக் கண்ணுமேல வையுங்க. இறகு, அலகு எல்லாம் அப்புறம். கண்ணு கிடைச்சாப் படம். கிடைக்கலைன்னா டெலிட். எங்கிட்ட வர்றவங்ககிட்ட முப்பது வருசமா வேற என்ன சொல்லுதேன்? கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க.”

“பாஸ்போர்ட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லலாம். ஆந்தையிடம்?”

“ஆந்தைகிட்டச் சொல்லக்கூடாது. காத்திருக்கணும். சாறுக்கு அது வராது கேட்டோ.”

காக்காயை எடுத்துப் பழகச் சொன்னார். கறுத்த முகத்தில் கறுத்த கண். அதில் வெளிச்சப் பொட்டு ஒன்று விழும் கோணம் கிடைத்தால், எந்தக் கண்ணும் கிடைக்கும் என்றார். வெள்ளைச் சட்டை போடக்கூடாது. நேராக நடந்து போகக்கூடாது. பாதி மூச்சு விட்டபின் பட்டனை அழுத்தவேண்டும். கிளை அசைந்தால் ஷட்டரை வேகமாக்கவேண்டும். இருட்டினால் ஐஎஸ்ஓவைக் கூட்டவேண்டும். படத்தில் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, புள்ளி விழுந்த கண் கலங்கின கண்ணைவிட மேல்.

மூன்று நாள் எங்கள் தெருக் காக்காய்கள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தன. நான்காம் நாள் ஒரு காக்காயின் கண்ணில் என் வீட்டு வாசல் கேட் சின்னதாகத் தெரிந்தது. நோட்டீஸ் ஒட்டி ஏழு நாள் ஆகியிருந்தது.

பொன்முடியில் நான் பார்க்காதவை

அந்த ஞாயிறு வில்சன் என்னைப் பொன்முடிக்குக் கூட்டிப்போனார். மலைக்குப் பஸ் குறைவு. முதல் பஸ்ஸை விட்டால் நாள் போச்சு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் கேமராப் பை ஜன்னலில் மோதியது.

தேயிலைச் சரிவுக்குக் கீழே, காட்டின் விளிம்பில், வில்சன் ஒரு கல்லின்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார். அதோடு சரி. ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நான் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பிறகு ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கிருந்து மேலே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரை ஏறினேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “இங்கே மலையணில் வருமா?” என்று கேட்டேன்.

“வரும் சார். இப்ப நீங்க வந்ததால போயிருச்சு.”

நான் திரும்பி வந்தபோது வில்சன் கேமராத் திரையைக் காட்டினார். மலையணில். காதுமயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணில் வெளிச்சப் பொட்டு.

“எங்கே இருந்தது?”

“சாறு உட்கார்ந்திருந்த கல்லுக்கு மேல. சாறு எந்திரிச்சுப் போனதும் வந்துச்சு.”

நாற்பது வருடம் மற்றவர்களைக் காக்க வைத்தவன் நான். காத்திருப்பது எப்படி என்று ஒரு நாளும் பழகவில்லை. வரும் வழியெல்லாம் மனதில் நோட்டீஸ் தேதிதான் ஓடியது. எட்டு முடிந்தது. இனி ஏழு.

உட்பிரிவு பிறந்த விதம்

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்லவேண்டும். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நகரத்து மரங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடம். அதில் நான் சூப்பிரண்டாக இருந்தபோது ஒரு மனிதர் ஐந்து மரங்களுக்கு ஐந்து ஆட்சேபம் கொடுத்தார். ஐந்திலும் ஒரே போட்டோ. அதில் இருந்தது காக்கையா, கறுப்புப் பாலிதீன் பையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபம் வந்தது. அன்று பிற்பகலே “இரு கண்களும் தெளிவாகத் தெரியும்படியான” என்ற நான்கு சொற்களைச் சேர்த்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, “நல்ல டிராஃப்ட்” என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அந்தப் பாராட்டை இரண்டு முறை நினைத்துப் பார்த்தேன்.

ஒரு ஃபைலை மூடுவதற்காக எழுதியது. யாருடைய கண்ணையும் நினைத்து எழுதவில்லை.

மூன்றாவது கை

இனி மாடிக்கு வருவோம். கைகள் இன்னும் தூக்கியபடியே இருக்கின்றன.

தட்டினேன்.

ஆந்தை இரண்டு கண்களையும் திறந்தது. இமையோரம் செம்மண் நிறம். உள்ளே கறுப்பு. அது என்னைப் பார்த்தது. இரு கண்களும் தெளிவாக, முழுதாக, விதியில் சொன்னபடி. அப்போதுதான் தெரிந்தது, கை தட்டியவனுக்குக் கேமராவைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும் என்று. நான் கேமராவைத் தூக்குவதற்குள் பொந்து காலி. எடுத்த ஒரே படத்தில் ஓட்டை மட்டும் மிகத் துல்லியமாக விழுந்திருந்தது.

பட்டப்பகலில் ஆந்தை வெளியே வந்தால் காக்காய்கள் சும்மா விடுமா? நான்கைந்து சேர்ந்து அதைத் தென்னைகளுக்குள் துரத்தின. இரண்டு மட்டும் திரும்பி வந்து பொந்தின் விளிம்பில் உட்கார்ந்தன. ஒன்று தலையை உள்ளே விட்டது. நான் படமெடுத்துப் பழகிய அதே காக்காய்களாக இருக்கலாம்.

நான் கத்தினேன். செருப்பைக் கழற்றி எறிந்தேன். அது மரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. டங், டங், டங் என்று, கோவில் சேகண்டிபோல. ஆறுமுகம் அண்ணாச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, எவர்சில்வர் தம்ளரால் ஜன்னல் கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். காக்காய்கள் பறந்தன. அவர் நிறுத்தவில்லை. அரைமணி கழித்து, ஆந்தை தாழப் பறந்து வந்து பொந்துக்குள் இறங்கியபிறகுதான் தம்ளரைக் கீழே வைத்தார்.

நான் இறங்கி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பகவதியம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கை தட்டினது நீங்கதான?” என்றார் அண்ணாச்சி.

“ஆமாம்.”

“எதுக்கு?”

சொன்னேன். விதி, போட்டோ, ஆட்சேபம், குஞ்சுகள், எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது பகவதியம்மாள் தடவுவதை நிறுத்தியிருந்தார்.

“எங்க மாடியில நின்னு, எங்க காப்பியைக் குடிச்சு, எங்க மனுவுக்கே தடையா? அந்த மனுவையும் நீங்கதான எழுதினீய!”

“நான்தான்.”

“அதுக்கு மறுப்பும் நீங்க. விதியும் நீங்க. அப்ப நாங்க எதுக்கு? நீங்களே ஒருத்தரா இருந்து எல்லாத்தையும் முடிச்சிருங்க.”

பகவதியம்மாள் தம்ளரை எடுத்து முந்தானையால் துடைத்தார். “குஞ்சு பாவந்தான். இல்லேங்கலை. ஆனா இவரைக் கூப்பிடுதே சார்.”

கட்டிலில் இருந்தவர் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“கூப்பிட்டா உடனே போவணும்னு சட்டமா? சார்கிட்டக் கேளு, எல்லாச் சட்டமும் தெரியும். கடைக்கு எத்தன பேரு வந்து கூப்பிடுதான், எல்லாவனுக்குமா எந்திரிச்சுப் போறேன்? வரலைன்னு ஒரு பதில் சொல்லிட்டாப் போச்சு.”

அன்று அந்தியில் விளக்கேற்றியபோது பறவை கூவியது. நான் என் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். பகவதியம்மாளின் அடுக்களை ஜன்னலிலிருந்து தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் வந்தது.

“அவரு வரல! நீ போ!”

இந்த நகரத்தில் அன்றன்றே பதில் கிடைத்த கூப்பாடு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

மூன்றாவது கம்பி

மறுநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சண்டைக்கு என்று நினைத்துப் போனேன்.

“உங்களுக்கு அந்தக் கண்ணுதான வேணும்? மாசக்கணக்கா வேற சோலியில்லாம அதைத்தான் பாத்துட்டுக் கிடக்கேன். மூணு மணிக்குப் போய் உட்காந்தா அது எப்படித் திறக்கும்? மரத்துமேல சாயங்கால வெயில் இந்த ஜன்னலோட மூணாவது கம்பிக்கு நேரா வரணும். அப்ப இடது கண்ணைத் திறக்கும். பாதிதான். வலது கண்ணு நல்லா மசங்கினப்புறம்.”

“இருட்டிவிட்டால் போட்டோ வராது.”

“அப்ப பாதிக் கண்ணோட திருப்திப்படும்.”

நான் மாடியில். அவர் கட்டிலில். வெயில் மூன்றாவது கம்பிக்கு நேராக வந்ததும் தம்ளரால் ஒரே ஒரு தட்டு, மெதுவாக. கேமரா முக்காலியில். ஃபோகஸ் புள்ளி ஒன்றே ஒன்று, இமையின்மேல். சாம்பல் நிறச் சட்டை. முதல் நாள் அவர் தட்டியதும் பதறி அழுத்திவிட்டேன், இமை மட்டும் கிடைத்தது. இரண்டாம் நாள் ஓர் இலை குறுக்கே வந்தது. மூன்றாம் நாள் தம்ளர் சத்தம் கேட்டபின் பாதி மூச்சு விட்டுக் காத்திருந்தேன். என்னால் முடிந்தது. எப்படி என்று தெரியவில்லை. கீழே ஒருவர் எனக்காகக் காத்திருந்தார் என்பதால் இருக்கலாம்.

இடது கண் பாதி திறந்தது. மேற்கு வெளிச்சம் அதில் ஒரு பொட்டாக விழுந்தது. மூன்று படம். நடுவில் உள்ளது நன்றாக வந்தது.

கொஞ்சம் புள்ளி விழுந்த படந்தான். வில்சன் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

ரப்பர் ஸ்டாம்ப்

தவணைக்கு ஒருநாள் முன்னால் அலுவலகம் போனேன். என் பழைய நாற்காலியில் லதிகா. பாறசாலைக்காரி. என்னிடம் கிளார்க்காக வந்தவள், இப்போது சூப்பிரண்டு. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“நல்ல படம் சாறே. பக்ஷே ஒரு கண்ணு. அதும் பாதி.”

“தூங்குகிற பறவை, லதிகா.”

“விதியில தூக்கத்தைப் பத்தி ஒண்ணுமில்லல்லோ. சாறுதானே எழுதியது?”

“இதுவரை எத்தனை ஆட்சேபம் ஏற்றிருக்கிறீர்கள்?”

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து என்முன் வைத்தாள். “கண்கள் தெளிவில்லை. நிராகரிக்கப்பட்டது.” பிடியில் மை ஊறிக் கறுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் கையால் எழுத நேரமில்லாததால் செய்து வைத்தார்களாம்.

“ஒண்ணுகூட ஏத்துக்கலை சாறே.”

நான் அந்த ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மரங்கள் என்று கேட்கத் துணியவில்லை. ஒன்று தெரிந்தது: அந்தப் படங்களை எடுக்க எத்தனையோ பேர் எத்தனையோ மரங்களுக்கு அடியில் நின்று கை தட்டியிருப்பார்கள். அப்படியும் நிராகரித்திருக்கிறோம். தட்டாமல் நின்றவர்களையும் நிராகரித்திருக்கிறோம்.

“இதுக்கு ஒரு சந்தேகம் எழுதி மேலே அனுப்பட்டே?” என்றாள் லதிகா. “பாதிக் கண்ணு கண்ணாகுமா இல்லையான்னு. தீருமானம் வர்றவரைக்கும் மரத்தைத் தொடமுடியாது.”

முடிவெடுக்கப் பிடிக்காத ஃபைலை விளக்கம் கேட்டு மேலே அனுப்புவது. அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் அது. அதை அவள் எவ்வளவு அழகாகச் செய்தாள்!

நான் வெளியே வரும்போது அவள் ஸ்டாம்பை இழுப்பறையில் திரும்ப வைக்கவில்லை. குப்பைக் கூடையிலும் போடவில்லை. அரசாங்கச் சொத்து. மேசை ஓரத்தில் தள்ளி வைத்தாள்.

பதில்

பங்குனியின் கடைசியில் குஞ்சுகள் பொந்தைவிட்டுக் கிளைக்கு வந்தன. ஜன்னலிலிருந்து அந்தக் கிளை தெரியாது. இரண்டு நாள் அண்ணாச்சி எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் பகவதியம்மாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார். “வந்து பாருங்க” என்றார். போனேன். அண்ணாச்சி மாடிப்படியில், பதினோராம் படியில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இன்னும் ஐந்து.

“ஸ்டூலை நிழல்ல போடும்,” என்றார் என்னைப் பார்த்து.

குஞ்சுகள் பறந்தன. பிறகு பெரியவையும் போயின. விதியில் போட்ட முப்பது நாள் கழிந்தது, இன்னொரு முப்பதும் கழிந்தது, சித்திரையும் கழிந்தது. மழை பிடித்தது. நான் வாரம் ஒருமுறை தபால்காரரைத் தெருமுனையிலேயே மறித்தேன். உட்பிரிவில் முப்பது நாட்கள் என்று போட்ட முட்டாள் யார் என்று கேட்க ஆளில்லை.

ஒருநாள் வந்தது. உறை நனைந்திருந்தது. பகவதியம்மாள் வீட்டுக் கூடத்தில் நின்று படித்தேன்.

“ஏழாம் பிரிவு மூன்றாம் உட்பிரிவில் ‘இரு கண்களும் தெளிவாகத் தெரியும்படியான’ என்னும் சொற்கள் நீக்கப்படுகின்றன. தங்கள் ஆட்சேபம் ஏற்கப்பட்டது.”

கீழே லதிகாவின் கையெழுத்து. நான்கு சொற்களும் போயிருந்தன. அவை இல்லாமல் அந்த வாக்கியம் நன்றாகவே இருந்தது.

“அப்ப மரம்?” என்றார் பகவதியம்மாள்.

“குஞ்சு போயாச்சு. வெட்டவேண்டும் என்றால் நீங்கள் மறுபடி மனு போடவேண்டும்.”

“யாரு எழுதுவா?”

“நான்தான்.”

“வெளங்கினாப்பலதான்,” என்றவர் ஜன்னல் வழியாகப் பொந்தைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அதன் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. “கிடக்கட்டும். அதுவும் திரும்பி வந்து அங்க இருக்கட்டும். எனக்கும் பதில் சொல்லிப் பழகிட்டு. ரெண்டு மாசமா அந்தி நேரம் ஒண்ணும் ஓடலை.”

கடிதத்தில் போட்டிருந்த தேதி வேறு. எனக்கு வேண்டியது வந்து சேர்ந்த தேதி. பழைய பழக்கம், பாக்கெட்டில் பென்சில் இருந்தது. நமக்கு ஆடி பிறந்த நாள்; இந்த ஊர்க் கணக்கில் வலது மேல் மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, கர்க்கடகம் ஒன்று.